கூடுதலாக விற்றவள்

டோஹா, கட்டார்
05.12.2008

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் அறைக்காரர்களும் சுகம். மாரி மழையில் நீங்களும் அத்தானும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். போனில் கதைக்கலாம்தான். ஆனால் நீங்கள் அங்கே வெயிலா என்று கேட்டு முடிப்பதற்குள் போன் காட் முடிந்துவிடுகிறது. பிட்டு வாங்க வந்த சனம் முழுக்கப் போனுக்குள் காதை விட்டுக்கொண்டு நிற்பதும் எனக்குக் கேட்கிறது.

சுப்பர் மார்க்கெட்டில் எங்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கிறது. பாஸ் பண்ணினால் சாமான் அடுக்குகிற வேலை போய், ஒரு பகுதிக்குப் பொறுப்பாளராக நிற்கலாம். படிப்பிப்பவர் ஒரு மலையாள டீச்சர். ஆளுக்கொரு வியாபாரச் சொல்லைக் கொடுத்து வசனம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார். எனக்கு விழுந்த சொல் ‘அவுட்செல்’. போட்டிக்கு நிற்கிறவரை விட அதிகமாக விற்பது என்று அர்த்தம். ஆளை ஆள் அவுட்செல் பண்ணலாம், கடையைக் கடை பண்ணலாம், சவர்க்காரத்தைச் சவர்க்காரம் பண்ணலாம். நாங்கள் ‘அவளை விட இவள் கூட விற்றாள்’ என்று இழுத்துச் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

மற்றப் பொடியன்கள் பெரிய கொம்பனிகளை வைத்து எழுதினார்கள். டீச்சர் கோடு போட்டு வெட்டிவிட்டார். உங்கள் ஊரில் உண்மையாக நடந்ததை எழுதுங்கள், அப்போதுதான் சொல் உங்களுடையதாகும் என்றார். எனக்குத் தெரிந்த போட்டி, றோட்டுக்கு இந்தப் பக்கம் உங்கள் பிட்டுக் கடையும் அந்தப் பக்கம் பூரணி மாமியின் பிட்டுக் கடையும்தான். இப்போது யார் கூட விற்கிறீர்கள்? பெருமைக்குச் சொல்லாமல் உண்மையை எழுதுங்கள். மாமி எப்படி இருக்கிறார்? அவருடைய மகள் அஜந்தா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

உங்கள் பதிலை வைத்துத்தான் என் பாஸ்.

தம்பி ரதீஸ்


குருக்கள்மடம்
28.12.2008

அன்புத் தம்பி ரதீஸ்,

உன் கடிதம் கண்டு சந்தோசம். நாங்கள் இருவரும் அம்மன் புண்ணியத்தில் சுகம். அத்தானுக்குத்தான் தோணியில் இருந்து இருந்து இடுப்பு நோ. வாவியில் வெள்ளம் வந்தபடியால் இப்போது தொழிலும் இல்லை.

பெருமைக்குச் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். நான் எப்போதடா பெருமை பேசினேன்? சரி, உன் டீச்சருக்குப் புரியிறபடி தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். நேற்று முந்தநாளோடு கடல் வந்து நாலு வருசம். அதில் பூரணி மாமியின் புருசன் போனார். உடம்பு கிடைக்கவில்லை. ஊரில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி, உடம்பு இல்லாமலே, நாங்கள் முப்பத்தொண்டு என்கிற முப்பத்தோராம் நாள் கருமத்தைச் செய்வித்தார்கள். அடுத்த வருசம் நிவாரணக்காரர் எனக்கும் மாமிக்கும் ஒரே நாளில், ஒரே நீலத் தகரத்தில் ஆளுக்கொரு கடை அடித்துத் தந்தார்கள். அன்று தொடங்கியது போட்டி.

நான் எத்தனை மணிக்கு எழும்பி மா குழைத்தாலும் அவருடைய பிட்டுத்தான் முதலில் முடியும். காரணம் கூனி. எல்லோரும் பிட்டுக் குழலுக்குள் மாவும் தேங்காய்ப்பூவும் போடுவோம். மாமி நடுவில் வாவியில் பிடிக்கிற கூனி இறாலை வறுத்து ஒரு பிடி வைப்பார். நானும் வைத்துப் பார்த்தேன். என்னுடையது மீன் கூடை மாதிரி மணந்தது. கல்முனை பஸ் டிரைவர் என் கடையில் நிறுத்தி, இறங்கி, றோட்டைக் கடந்து அங்கே போய்ச் சாப்பிட்டதை நீயே கண்டிருக்கிறாய்.

இப்போது கேள். கார்த்திகையிலிருந்து நான்தான் கூட விற்கிறேன். பள்ளிக்கூட மணி அடிக்க முதல் என் பெட்டி வெறும் பெட்டி. மாமியின் பெட்டி மூடினபடி இருக்கிறது. எழுதிக்கொள்: கஜானி பூரணியை அவுட்செல் பண்ணினாள். எத்தனை வருசமாக நான் கேட்கக் காத்திருந்த வசனம் அது.

மாமி சுகம்தான். அஜந்தா பள்ளிக்கூடம் போகிறாள். வேறு புதினம் இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் திரியாதே.

அன்பு அக்கா கஜானி


டோஹா
22.01.2009

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பொங்கலுக்கு இங்கே சீனி போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். அத்தானின் இடுப்புக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்து விடுங்கள்.

உங்கள் வசனத்தை வகுப்பில் வாசித்தேன். டீச்சருக்குப் பிடித்தது. ஆனால் பாதி வசனம்தான் என்றார். ஒருவர் இன்னொருவரைத் திடீரென்று மிஞ்சினால் ‘ஏனென்றால்’ என்று ஒரு பாதி இருக்க வேண்டுமாம். பிட்டு ருசியாக வந்ததா? விலையைக் குறைத்தீர்களா? நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. உங்களுடைய கடிதத்தில் ஒரு காரணம் இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

பூரணி மாமியின் மகன் நிலோஜன் செத்துவிட்டான் என்று ஊரில் கதைக்கிறார்களாம், இங்கே ஒருவர் சொன்னார். என்ன கதை அது? யார் கொண்டுவந்தது? அவனைப் பிடித்துக்கொண்டு போன ஆட்களும் அதை நம்புகிறார்களா? இதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். மாமி மகனுக்கு முப்பத்தொண்டு செய்துவிட்டாரா?

தம்பி ரதீஸ்


குருக்கள்மடம்
16.02.2009

அன்புத் தம்பி,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கேள்விகளைப் பார்த்தாலே தெரிகிறது. உனக்குப் பிட்டு வசனம் வேண்டுமா, பொலிஸ் அறிக்கை வேண்டுமா?

மறைக்க ஒன்றும் இல்லை. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். மாமியின் மகனை ‘வீட்டுக்கு ஒராள்’ என்று ஆயுதம் தூக்கின ஆட்கள் தங்கள் படைக்குப் பிடித்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். போன கார்த்திகையில் அவர்களிடமிருந்து தப்பி வந்த ஒரு பொடியன், நிலோஜன் ஓடினபோது சுட்டார்கள், ஆற்றுக்குள் விழுந்தவன் எழும்பவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். ஊர் அழுதது. ஆட்களும் நம்புகிறார்களா என்று கேட்கிறாய், அது என்ன கேள்வி? அவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த வீட்டுக் கணக்கு முடிந்தது என்று அவர்களில் ஒருவன் என் கடையிலேயே பிட்டுத் தின்றுகொண்டு சொன்னான். அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு அவர்களில் ஒருவரும் போகவில்லை.

உன் ‘ஏனென்றால்’ இதுதான். செத்த வீடென்றால் துடக்கு. முப்பத்தொண்டு முடிந்து வீடு கழுவினால்தான் துடக்குக் கழியும், அந்த வீட்டில் கை நனைக்கலாம். மாமி செய்யமாட்டேன் என்கிறார். உடம்பைக் காட்டுங்கள் என்கிறார். செய்யாதவரைக்கும் துடக்கு எப்படிக் கழியும்? ஆச்சிப்பிள்ளை அக்கா இந்த விசயத்தில் எப்படி என்று உனக்குத் தெரியும். ஊரில் ஆர் வீட்டுத் துடக்கு எப்போது முடியும் என்று அவரைத்தான் கேட்போம். அவர் ஒரு நாள் மாமியின் கடையைத் தாண்டி என் கடைக்கு வந்தார். அடுத்த நாள் ஊர் வந்தது. வெளியூர் பஸ்காரரும் மா கொண்டுவருகிற காத்தான்குடி முத்தலிப் காக்காவும்தான் இப்போது அங்கே சாப்பிடுகிறார்கள்.

இதில் எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. விற்பனை இல்லாத மனுசி முற்றம் நிறையக் கூனி காய வைக்கிறார். ஆருக்கு? போன கிழமை முத்தலிப் காக்கா மாச் சாக்கை இறக்கிவிட்டு, ஒரு பொட்டலத்தைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். என்னைக் கண்டதும் இருமினார். மாமிக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று பயமாக இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களிடமும் சொன்னேன்.

டீச்சரிடம் கேட்டுச் சொல். துடக்கால் விற்றாலும் அந்தச் சொல்லைப் போடலாமா?

அன்பு அக்கா


டோஹா
12.03.2009

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

டீச்சரிடம் கேட்டேன். போட்டி என்றால் இரண்டு பேரும் சந்தையில் நிற்க வேண்டும், வாங்குகிறவன் இரண்டையும் பார்த்து ஒன்றை எடுக்க வேண்டும், அப்போதுதான் அவுட்செல். ஒரு கடையின் முன்னால் வேலி கட்டிவிட்டு மற்றக் கடை விற்றதை அந்தச் சொல்லால் சொல்வது சரியில்லை என்றார். ஆனால் அகராதியில் அப்படி எழுதியில்லை என்றும் சொன்னார்.

நான் வேறு வசனம் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அந்தக் கூனிக் கதையை விடுங்கள். பொட்டலத்தைப் பற்றிக் கடையில் யாரிடமும் கதைக்காதீர்கள். தயவுசெய்து, அக்கா.

ரதீஸ்


குருக்கள்மடம்
20.04.2009

தம்பி ரதீசுக்கு,

சுகம், சுகம். வருசப் பிறப்புக்கு நீ போன் எடுப்பாய் என்று பார்த்திருந்தேன். எடுத்தாய், அத்தானோடு கதைத்தாய், என்னோடு கதைக்க முதல் வைத்தாய்.

நீ எழுதினதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொடக்கத்தில் கேள்விமேல் கேள்வி கேட்டாய். இப்போது கதைக்காதே என்கிறாய். கதைக்காமல் பிட்டு விற்க நான் என்ன இயந்திரமா? வேலி கட்டினது நானில்லையே. ஊர் கட்டினது. நான் என் பக்கத்தில் அடுப்பை மூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இதைப் படுக்கும்போதும் சொல்லிக்கொள்கிறேன். பிறகு ஏன் நித்திரை வருவதில்லை என்று தெரியவில்லை.

வருசப் பிறப்புக்கு முந்தின நாள் மாமியிடம் போனேன். செய்துவிடுங்கள் மாமி, நானே வந்து கூடமாட நிற்கிறேன், துடக்குக் கழிந்தால் சனம் பழையபடி வரும் என்றேன். நான் போட்டிக்காரி, நானே போய்ச் சொல்கிறேன், அதையாவது யோசித்தாரா? என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தமாதிரி இருந்தது. மறுகா என் வாயைப் பார்த்தார். “பாப்பம் புள்ள” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்குக் கோபம் வந்து, நாலு பேரிடம் ஆற்றிக்கொண்டேன். அது ஆச்சிப்பிள்ளை அக்காவின் காதுக்குப் போய், அஜந்தாவைத் தண்ணி அள்ளுகிற கிணற்றடியிலும் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை வாளியை வைத்துக்கொண்டு நின்ற நிலை என் கண்ணை விட்டுப் போகுதில்லை. நான் சொன்னது அதற்கில்லை.

பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்த ஆட்களின் முகாமைக் கழற்றிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் திரிகிறார்கள், கையில் ஒன்றும் இல்லை. நல்லதா கெட்டதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கும் என் பெட்டி முடிந்தது. வெறும் பெட்டியைப் பார்த்தால் முந்தி வயிறு குளிரும். இப்போது என்னவோ செய்கிறது. நீ படித்தவன், இது சந்தோசமா கவலையா என்று எழுது.

அக்கா


குருக்கள்மடம்
26.05.2009

தம்பி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உனக்கு ஏதும் வருத்தமா? அத்தான் போன் எடுத்தால் ஆள் இல்லை என்று யாரோ ஹிந்தியில் சொல்கிறார்கள். ஒரு வரி போடு.

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். டவுன் பக்கம் வெடி கொளுத்தினது இங்கே கேட்டது. எங்கள் ஊரில் ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. பிட்டு வாங்க வந்த சனம் காசைத் தந்தது, பிட்டை வாங்கினது, போனது. வன்னியில் ஆர் இருக்கிறார்கள், ஆர் இல்லை என்று தெரியாமல் பாதி வீடு அழுகிறது, பாதி வீடு அழலாமா என்று யோசிக்கிறது. இப்போது பார்த்தால் ஊரில் உடம்பில்லாத வீடு பூரணி மாமியின் வீடு மட்டும் இல்லை. எல்லா வீட்டுக்கும் துடக்கென்றால் ஆர் ஆருக்குப் பிட்டு விற்பது?

கண்ணகி அம்மனுக்குச் சடங்கு தொடங்கப் போகிறது. மாமியும் அஜந்தாவும் கோயிலுக்கு வரமுடியாது. அதுக்கு முதலே மாமி கடையை மூடிவிட்டார். நீலத் தகரம் வெயிலில் மின்னுகிறது. எதிரில் ஆருமில்லாமல் விற்கிறேன். உன் டீச்சருக்கு இதற்கும் ஒரு சொல் தெரியுமா?

எழுது மனே.

அக்கா


டோஹா
19.06.2009

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுதாதது வேண்டுமென்றுதான். என்ன எழுதலாம் என்று தெரியாமல் இருந்தேன். முகாம் கழன்றது உண்மையா என்று இன்னும் இரண்டு பேரிடம் விசாரித்தேன். இப்போது எழுதலாம் போல இருக்கிறது. இதைத் தனியாக இருந்து வாசியுங்கள். கடையில் வைத்து வாசிக்க வேண்டாம். அத்தானுக்குச் சொல்லலாம், அவர் சொல்லாத மனுசன்.

பரீட்சைக்கு நான் எழுதின வசனங்கள் கீழே. திருத்தித் தாருங்கள்.

எங்கள் கடையில் பாக்கிஸ்தான் அரிசியை இந்திய அரிசி அவுட்செல் பண்ணுகிறது.

வெயில் காலத்தில் தேயிலையைக் குளிர்பானம் அவுட்செல் பண்ணுகிறது.

நாங்கள் சாப்பிடுகிற கன்ரீனில் குசினி வேலைக்கு ஒரு பொடியன் இருக்கிறான். போன ஆடியில் வந்தவன். வெள்ளிக்கிழமைகளில் பிட்டு அவிப்பான். குழலுக்கு நடுவில் கூனி வைப்பான். அந்தக் கூனியை, இங்கே எலுமிச்சை என்கிற தேசி இலையோடு சேர்த்து வறுத்து, வறுத்து முடிந்ததும் இலையைப் பொறுக்கி எறிந்துவிடுவான். ஏனென்று கேட்டால், அம்மா அப்படித்தான் செய்வா என்கிறான். அவனுடைய பிட்டு பரோட்டாவை அவுட்செல் பண்ணுகிறது.

மூன்றாவது வசனத்தில் பெயர் போடவில்லை. பெயர் வேண்டுமா என்று நீங்கள் சொல்லுங்கள்.

தம்பி ரதீஸ்


குருக்கள்மடம்
14.07.2009

தம்பி,

பெயர் வேண்டாம்.

சுகம் கேட்கவும் மறந்து எழுதுகிறேன். உன் கடிதத்தை வாவிக் கரையில் அத்தானின் தோணிக்குள் இருந்து வாசித்தேன். தேசி இலை என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்த இலையைப் பற்றி உனக்கு நான் எழுதினதில்லை. ஒருவருக்கும் சொன்னதில்லை. மாமியின் கடைக்குப் பின்னால் காலையில் கருகின தேசி இலை கிடக்கும். அதை நான் ஒளித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. சொன்னால் நாலு பேர் செய்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாயில் தங்கின ஒரே ரகசியம் அது. அதுவே என்னிடம் திரும்பி வந்தது. அவன் உயிரோடு இருக்கிறான். நிலோஜன் உயிரோடு இருந்து பிட்டு அவிக்கிறான். தோணிக்குள் இருந்து சத்தம் போட்டு அழுதேன். வந்து கடிதத்தை அடுப்புக்குள் வைத்தேன்.

பொழுதுபட மாமியின் வீட்டுப் பின் படலையால் போனேன். பெத்த வயிற்றுக்கு நான்தான் முதலில் சொல்லப் போகிறேன் என்று ஒரு அவசரம். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். மாமி அசையவில்லை.

“எனக்குத் தெரியும் புள்ள. போன ஆடியிலயே தெரியும்.”

முத்தலிப் காக்காவின் தங்கச்சி மகன் அங்கே உங்களோடு இருக்கிறானாம். அவன் மூலமாகச் சேதி வந்திருக்கிறது. அந்தக் கூனிப் பொட்டலமும் அப்படித்தான் போயிருக்கிறது. பிறகு ஒரு பொடியன் வந்து செத்தான் என்று சொன்னபோது, மாமி அதை மறுக்கவில்லை. செத்தான் என்று ஆட்கள் நம்பும்வரைக்கும், தப்பினவனுக்குப் பதிலாக அஜந்தாவைக் கொண்டுபோக மாட்டார்கள் அல்லவா? அதனால் ஊரை அழவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அப்படியென்றால் அந்த முப்பத்தொண்டையும் ஒப்புக்குச் செய்திருக்கலாமே, கடை பிழைத்திருக்குமே என்று கேட்டேன். கேட்டது பிழை.

“உசிரோட இரிக்கிற புள்ளைக்கு எள்ளுந் தண்ணியும் இறைக்கச் சொல்றியா? புருசனுக்கு உடம்பில்லாமச் செய்தன். இண்டைக்கும் படலை கிறீச்செண்டாத் திரும்பிப் பாக்கிறன். கடை போனாப் போகட்டும்கா.”

எனக்கு ஏன் சொல்லவில்லை, இவ்வளவு காலம் எதிரில் இருந்தேனே என்று கேட்டேன். மாமி என் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார், “உனக்கிட்டச் சொன்னா அது பிட்டோட சேந்து வித்துப் போகும்.”

நீயும் அதற்குத்தான் எழுதாமல் இருந்தாய், இல்லையா? மாமி சொன்னது சுட்டது. நீ சொல்லாமல் விட்டது அதைவிடச் சுட்டது. ஆனால் பொய் என்று எப்படிச் சொல்வேன்? கிணற்றடியில் வாளியோடு நின்ற பிள்ளையை அங்கே நிறுத்தினது என் வாய்தானே.

மாமியிடம் கடையைத் திறக்கச் சொன்னேன். விடியக்காலை, பஸ் வருகிற நேரம் பார்த்து, ஊர் முழுக்க என் கடையில் நிற்கும்போது, என் பெட்டியை மூடினேன். கோப்பையை எடுத்துக்கொண்டு றோட்டைக் கடந்தேன். மாமியின் கடை வாங்கில் குந்தி, கூனிப் பிட்டு ஒரு குழல் வாங்கிச் சாப்பிட்டேன். ஆச்சிப்பிள்ளை அக்கா றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி, “கஜானி, துடக்கு வீடு கா அது” என்றார். எனக்குச் சொல்ல எவ்வளவு இருந்தது தெரியுமா? தொண்டை வரைக்கும் வந்தது. பிட்டோடு சேர்த்து விழுங்கினேன். “பசிச்சது அக்கா” என்றேன்.

இப்போது எனக்கும் துடக்காம். அந்த வீட்டில் கை நனைத்தவள் என்று என் கடைக்கும் சனம் வருவதில்லை. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இருந்து ஈ ஓட்டுகிறோம். அத்தான்தான் இரண்டு கடைப் பிட்டையும் தின்று வயிறு ஊதிப்போய் இருக்கிறார்.

அந்தப் பொடியனுக்கு நல்லெண்ணெய் தேய்த்து முழுகச் சொல். அனல் பக்கத்தில் நிற்கிறவன்.

அக்கா


டோஹா
08.08.2009

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். எல்லோரும் என்று ஏன் எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்றைக்குப் பரோட்டாதான். நீங்கள் பிட்டைச் சாப்பிட்ட இடத்தை மட்டும் பிறகும் ஒரு தரம் வாசிக்கத் தரச் சொன்னான்.

எனக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருக்கிறது, கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கெட்ட மனதோடு ஒன்றும் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பயந்தேன். அஜந்தாவை நினைத்துப் பயந்தேன்.

பரீட்சை பாஸ். ஆனால் டீச்சர் முதல் வசனத்தை இன்னும் மறக்கவில்லை. உங்கள் அக்காவின் கடையும் எதிர்க்கடையும் கடைசியில் என்ன ஆயின, யார் யாரை அவுட்செல் பண்ணினார்கள் என்று கேட்கிறார். என்ன சொல்ல?

தம்பி ரதீஸ்


குருக்கள்மடம்
17.09.2009

அன்புத் தம்பி ரதீஸ்,

நாங்கள் சுகம். நீங்கள் எல்லோரும் சுகம் என்றது பெரிய சுகம். பாஸ் என்று கேட்டு அம்மனுக்கு விளக்கு வைத்தேன். மன்னிப்பு ஒன்றும் வேண்டாம். முதல் இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். பிறகு, உன் இடத்தில் நான் இருந்தாலும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டேன் என்று தோன்றியது. சிரிப்பும் வந்தது.

ஊர்க் கதை கேள். இரண்டு கடையும் துடக்கென்றால் சனம் காலையில் என்னத்தைத் தின்னும்? பேக்கரி வான் கொண்டுவருகிற காய்ந்த பணிசை எத்தனை நாள் தின்னும்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாய்மாரோடு சண்டை பிடித்தார்கள். கடைசியில் ஒரு காலை ஆச்சிப்பிள்ளை அக்கா கிண்ணத்தோடு வந்தார். றோட்டின் நடுவில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. அவர் மாமியின் பக்கம் ஒதுங்கினார். ஒதுங்கினவர் அப்படியே இரண்டு குழல் வாங்கினார். அடுத்த நாள் ஊர் வந்தது. துடக்கு எப்போது கழிந்தது என்று அவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. அஜந்தா கிணற்றடியில் மற்றப் பிள்ளைகளோடு நின்று தண்ணி அள்ளுகிறாள்.

என்னிடம் வந்து கேட்காத ஆள் இல்லை. நீ ஏன் அங்கே போய்ச் சாப்பிட்டாய், நிலோஜனின் புதினம் ஏதும் தெரியுமா என்று கேட்கிறார்கள். எத்தனை குழல் வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். முந்தி பிட்டுக்கும் கதைக்கும் சேர்த்து என் கடைக்கு வந்தவர்கள் இப்போது கொஞ்சம் குறைவு. நானும் மாமியும் இன்னும் அது பற்றி வாய்விட்டுக் கதைப்பதில்லை. அஜந்தா சோதனை எழுதி முடியட்டும், மறுகா பார்ப்போம் என்கிறார். நேற்றுக் கடை மூடும்போது கூனிச் சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, இலையை எப்போது போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று காட்டித் தந்தார். நான் இவ்வளவு காலமும் கடைசியில் போட்டிருக்கிறேன். சட்டி சூடாகும்போதே போட வேண்டுமாம்.

முத்தலிப் காக்காவின் கையில் இரண்டு பொட்டலம் கொடுத்து விடுகிறேன். இந்த முறை என்னைக் கண்டு அவர் இருமவில்லை. ஒன்று மாமி வறுத்தது, மற்றது நான் வறுத்தது. எது யாருடையது என்று எழுதவில்லை. அந்தக் குசினிப் பொடியனிடம் இரண்டையும் ஒன்றாகக் கொடு. எந்தப் பொட்டலம் முதலில் முடிகிறது என்று பார்த்து உன் டீச்சருக்கு வசனத்தை எழுது.

அவன் தாயின் கையைத்தான் முதலில் கண்டுபிடிப்பான். எனக்குத் தெரியும். தோற்றது நான் என்று கூச்சப்படாமல் எழுதி அனுப்பு. நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

அன்பு அக்கா
கஜானி